நரம்புச் சிலந்தியும் சாட் நாட்டு நாய்களும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் சாட் நாட்டைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். மத்திய ஆப்பிரிக்காவில் இருக்கும் அந்த நாட்டின் ஆற்றங்கரைக் கிராமங்களில் கார்ட்டர் மையம் என்ற தொண்டு நிறுவனம், குளத்துத் தண்ணீரைக் குடிப்பதால் உடம்புக்குள் புழு வளரும் கினிப்புழு நோயை ஒழிக்க வருஷக்கணக்காகப் பாடுபடுகிறது, உலகத்திலேயே இன்னும் கொஞ்சம் பேருக்குத்தான் அந்த நோய் மிச்சமிருக்கிறது என்று. அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே. பென்ஷன், ரேஷன் கார்டு பற்றிக் கேட்டிருப்பவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

சார், குருகிராமில் 23ஆம் செக்டார் பக்கம் இருக்கிறோம். பக்கத்தில் கார்ட்டர்புரி என்று ஒரு ஊர். நீங்கள் எழுதிய கார்ட்டரும் இந்தக் கார்ட்டரும் ஒருவர்தானா?
— ஒரு வாசகி, குருகிராம்

அவரேதான் அம்மா. ஜிம்மி கார்ட்டர் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தபோது, 1978 ஜனவரி 3ஆம் தேதி அந்தக் கிராமத்துக்கு வந்தார். அன்றைக்கு ஊரின் பெயர் தௌலத்பூர் நசீராபாத். அவர் வந்துபோனதன் நினைவாகத்தான் கார்ட்டர்புரி ஆயிற்று. அவருடைய அம்மா லில்லியனுக்கும் நம் நாட்டுக்கும் தொடர்பு உண்டு. எழுபதை நெருங்கிய வயதில் அமெரிக்காவின் பீஸ் கோர் என்ற தொண்டர் அமைப்பில் சேர்ந்து கிளம்பி வந்து, 1960களின் பின்பாதியில் மும்பை விக்ரோலியில் நர்ஸ் வேலை பார்த்தவர் அவர்.

1980 தேர்தலில் தோற்றுப் பதவியை விட்டு இறங்கிய கார்ட்டர், 1982இல் மனைவி ரோஸலினோடு சேர்ந்து அட்லாண்டாவில் இந்த மையத்தைத் தொடங்கினார். 1986இல் கினிப்புழு ஒழிப்பைக் கையில் எடுத்தார்கள். அந்த வருஷம் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலுமாக 21 நாடுகளில் ஏறத்தாழ 35 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்ததாகக் கணக்கு. 2023இல் உலகம் முழுவதும் 14 பேர், 2024இல் 15 பேர், அந்த இரண்டு வருஷமும் சாடில் மட்டும் ஒன்பது ஒன்பது பேர். 1995இல் சூடானில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, சுகாதாரப் பணியாளர்கள் கிராமங்களுக்குள் போய்வர வேண்டும் என்பதற்காக இரு தரப்பிடமும் பேசி, ஏறத்தாழ ஆறு மாதம் சண்டையை நிறுத்த வைத்தார் கார்ட்டர். புழுவை விரட்டுவதற்காகத் துப்பாக்கிகள் ஓய்ந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

2015இல் தனக்குப் புற்றுநோய் என்று அறிவித்த கூட்டத்திலேயே, தனக்கு முன்னால் கடைசிக் கினிப்புழு சாக வேண்டும் என்பதே ஆசை என்றார். 2024 டிசம்பர் 29ஆம் தேதி, 100 வயதில் காலமானார். புழு இன்னும் இருக்கிறது.

எங்கள் பாட்டி சின்ன வயதில் காலில் நரம்புச் சிலந்தி வந்து மாதக்கணக்கில் படுத்திருந்தாராம். வெளியே வந்த புழுவைக் குச்சியில் சுற்றி வைத்திருந்தார்கள் என்பார். கினிப்புழு என்பது அதுதானா? இப்போது ஏன் நம் ஊரில் யாருக்கும் வருவதில்லை?
— ஒரு மூத்த வாசகர், ஜனக்புரி

அதேதான் ஐயா. உங்கள் பாட்டி சொன்னதில் கொஞ்சமும் மிகை இல்லை. இன்றைக்குச் சாடில் ஒருவருக்குப் புழு வந்தாலும் அதே வைத்தியம்தான். ஒரு குச்சியிலோ துணிச்சுருளிலோ சுற்றி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, வாரக்கணக்கில் பொறுமையாக எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்து அறுந்துபோனால் உள்ளே தங்கிய துண்டினால் சீழ் பிடித்துவிடும். இதற்கு மாத்திரை கிடையாது, தடுப்பூசி கிடையாது, ஒரு முறை வந்தால் மறுபடி வராது என்ற உத்தரவாதமும் கிடையாது.

குளத்துத் தண்ணீரில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நீர்த்தெள்ளு என்ற ஒரு பூச்சி உண்டு. அது புழுவின் குஞ்சுகளைத் தின்று வயிற்றில் வைத்திருக்கும். அந்தத் தண்ணீரை வடிகட்டாமல் குடித்தால் பூச்சி நம் வயிற்றில் செத்துப்போகும், குஞ்சுகள் குடலைத் துளைத்துக்கொண்டு உடம்புக்குள் போய்விடும். சுமார் ஒரு வருஷம் ஒன்றும் தெரியாது. அதற்குள் பெண்புழு இரண்டு மூன்று அடி நீளத்துக்கு வளர்ந்து, பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே ஒரு கொப்புளமாக வெளிக்கிளம்பும். நெருப்பு பட்டது போல் எரியும். எரிச்சல் தாங்காமல் காலைக் குளத்தில் வைப்பார்கள். அந்த நிமிஷத்துக்காகத்தான் புழு காத்திருக்கிறது. தண்ணீர் பட்டதும் லட்சக்கணக்கில் குஞ்சுகளைக் கக்கிவிடும். அப்புறம் மறுபடி நீர்த்தெள்ளு, மறுபடி ஒரு குடம் தண்ணீர், அடுத்த வருஷம் அதே ஊரில் இன்னும் பல கால்கள். ஆளைக் கொல்வது அபூர்வம்தான், ஆனால் விதைப்போ அறுப்போ நடக்கும் நேரத்தில் வீட்டில் வேலை செய்கிறவர் வாரக்கணக்கில் எழுந்து நடக்க முடியாமல் படுத்துவிட்டால் அந்தக் குடும்பம் அந்த வருஷம் எதைச் சாப்பிடும்?

நம் நாட்டில் 1983-84 வாக்கில் ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகம், மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று ஏழு மாநிலங்களில் நோய் இருந்தது. 1984இல் எண்ணியபோது நாடு முழுவதும் 40,000 பேருக்குக் கொஞ்சம் குறைவு. தமிழ்நாடு சீக்கிரமே விடுபட்டுவிட்டது. கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில். 2000இல் இந்தியா விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. இந்த வேலை முழுவதையும் மேற்பார்த்தது, நம் டெல்லியில் ஷாம்நாத் மார்க்கில் இருக்கும் தேசிய தொற்றுநோய் நிறுவனம். இப்போது தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் என்று பெயர். அந்த வழியாகத் தினமும் பஸ்ஸில் போகிற நம்மவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். உள்ளே இப்படி ஒரு சாதனை நடந்தது என்று நம் பிள்ளைகளுக்கு யாருமே சொல்வதில்லை, எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம். படிக்கட்டு இறங்கித் தண்ணீர் மொள்ளும் கிணறுகளை, மேலே நின்று இறைக்கும் கிணறுகளாக மாற்றினார்கள், கைப்பம்பு போட்டார்கள், துணியில் வடிகட்டச் சொல்லி வீடு வீடாகப் போனார்கள், அவ்வளவுதான். பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லாமல் நடந்து நடந்தே முடித்த வேலை.

ரோடே இல்லாத கிராமங்களில் எப்படி வேலை செய்கிறார்கள்? அமெரிக்காவிலிருந்து ஆட்கள் போய் உட்கார்ந்திருக்கிறார்களா?
— ஒரு கல்லூரி மாணவி, வடக்கு டெல்லி

வெளியிலிருந்து போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். திட்டத்தை நடத்துவது சாட் நாட்டுச் சுகாதார அமைச்சகம். கார்ட்டர் மையம் பணம், பயிற்சி, மேற்பார்வை, வண்டி, மருந்து என்று பக்கபலமாக நிற்கிறது. தினசரி வேலையைச் செய்பவர்கள் அந்தந்தக் கிராமத்துக்காரர்கள், ஊரே தேர்ந்தெடுத்த தொண்டர்கள், அப்படி ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

சாட் நம் நாட்டின் பரப்பில் ஏறத்தாழ நாற்பது சதவீதம். கடலே தொடாத நாடு, வடக்கே சகாரா பாலைவனம், தெற்கே ஆறும் சதுப்பும். நோய் அதிகமாக இருப்பது ஷாரி ஆற்றை ஒட்டிய கிராமங்களில். அந்த ஆறுதான் தலைநகர் இன்ஜமீனா வழியாக ஓடி சாட் ஏரியில் கலக்கிறது. ஜூன் தொடங்கி அக்டோபர் வரை மழை, அப்போது மண்பாதைகள் சேறாகிவிடும், பல ஊர்களுக்கு மோட்டார் சைக்கிள், படகு, இல்லாவிட்டால் நடைதான். இதில் மீன்பிடிக் குடும்பங்கள் தண்ணீர் போகும் இடத்துக்கெல்லாம் குடிசையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள், மாடு மேய்ப்பவர்களோ ஒரு மாதம் இங்கே இருந்தால் அடுத்த மாதம் எங்கேயோ. அவர்களைத் தேடிக்கொண்டு தொண்டரும் போக வேண்டும்.

அந்தத் தொண்டர் என்ன செய்வார் என்றால், வீடு வீடாகப் போய் யாருக்காவது கொப்புளம் இருக்கிறதா என்று கேட்பார், வீட்டு நாயின் காலையும் வயிற்றையும் தடவிப் பார்ப்பார், பானை வாயில் கட்டும் நைலான் வடிதுணி கிழிந்திருக்கிறதா என்று எடுத்துப் பார்ப்பார். வயலுக்கும் மேய்ச்சலுக்கும் போகிறவர்களுக்குக் கழுத்தில் தொங்கவிடும் சின்னக் குழாய் ஒன்று கொடுக்கிறார்கள், அதன் நுனியில் வடிகட்டி இருக்கும், குளத்தில் குனிந்து அதன் வழியாக உறிஞ்சிக் குடித்தால் நீர்த்தெள்ளு உள்ளே வராது. எனக்கு இந்தத் திட்டத்திலேயே மிகவும் பிடித்த பொருள் இதுதான், ஒரு பென்சில் பெட்டிக்குள் அடங்கிவிடும்.

புழு வெளியே வந்தது தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் அந்த ஆளைத் தண்ணீர்ப்பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதுதான் விதி. புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டு, சாப்பாடும் கொடுத்து, புழு முழுதாக வெளியேறும் வரை கவனிக்கிறார்கள். நோயைத் தெரியப்படுத்துகிறவர்களுக்கு ரொக்கப் பரிசும் உண்டு. புழு பட்ட குளத்தில் அபேட் மருந்து ஊற்றுகிறார்கள், நம் ஊரில் கொசுப்புழு ஒழிக்கத் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றுவார்களே அதே மருந்து. குளத்தின் நீளம், அகலம், ஆழத்தை அளந்து கணக்குப் போட்டுத்தான் ஊற்ற வேண்டும், 28 நாளைக்கு ஒரு முறை மறுபடியும். குடிக்கிற தண்ணீரில் எதையோ ஊற்றுகிறார்கள் என்றால் எந்த ஊரில்தான் சும்மா விடுவார்கள்? அங்கேதான் உள்ளூர்த் தொண்டரின் வார்த்தைக்கு மதிப்பு. வெளியூர்க்காரர் சொன்னால் நம்பாததை, தங்கள் கண் முன்னால் வளர்ந்த பெண் சொன்னால் நம்புவார்கள்.

நான் எங்கள் பிளாக்கில் தெருநாய்களுக்குச் சோறு வைப்பவள். சாடில் நாய்களைச் சங்கிலியில் கட்டி வைக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கேட்கவில்லை. நாய் என்ன பாவம் செய்தது?
— ஒரு வாசகி, மயூர் விஹார்

நாய் ஒரு பாவமும் செய்யவில்லை அம்மா. உங்கள் வருத்தம் புரிகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாடில் பத்து வருஷம் ஒரு நோயாளிகூடப் பதிவாகவில்லை. போய்விட்டது என்றே நினைத்தார்கள். 2010இல் திடீரென்று மனிதர்களிடம் மறுபடி கண்டுபிடித்தார்கள். 2012இலிருந்து நாய்களிடமும் அதே புழு தென்பட ஆரம்பித்தது, அதுவும் மனிதர்களைவிடப் பல மடங்கு. 2019இல் சாடில் மட்டும் 1,900க்கும் மேற்பட்ட நாய்களுக்கு. அதுவரை இது மனிதர்களின் நோய், மனிதர்களைப் பார்த்துக்கொண்டால் போதும் என்ற நம்பிக்கையில்தான் மொத்தத் திட்டமும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நம்பிக்கை உடைந்ததும் விட்டுவிட்டுப் போயிருக்கலாம், போகவில்லை, வேலையை மாற்றி அமைத்தார்கள்.

ஆற்றங்கரையில் மீனைச் சுத்தம் செய்து குடலைத் தரையில் போடுகிறார்கள், நாய் தின்கிறது. நீர்த்தெள்ளைத் தின்ற மீன், தவளை வழியாகப் புழு நாய்க்குப் போகிறது என்பதுதான் இப்போது ஆராய்ச்சியாளர்கள் நம்புவது. அதனால் மீன் குடலைக் குழி வெட்டிப் புதையுங்கள், மீனை நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள், புழு வந்த நாயைக் குளத்தில் இறங்காமல் கட்டி வையுங்கள் என்று மூன்று சேதி. கட்டி வைக்கும் வீட்டுக்காரருக்குச் சங்கிலியும் கொடுத்து, ஒரு தொகையும் தருகிறார்கள். புழு அதிகமாக வெளிவரும் மாதங்களில், நோய் வராத நாய்களையும் முன்கூட்டியே கட்டி வைக்கச் சொல்லும் கிராமங்கள் உண்டு.

இதை எடுத்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. நோய் பரப்பும் மிருகத்தைக் கொன்றுவிடு என்பதுதான் எந்த நாட்டிலும் அதிகாரிகளுக்கு முதலில் தோன்றும் வழி. இங்கே அந்த வழியில் போகவில்லை. நாயை உயிரோடு வைத்து, சோறு தண்ணீர் கொடுத்து, அதன் காலிலிருந்தும் மனிதனுக்குச் செய்வது போலவே புழுவை மெல்லச் சுற்றி எடுக்கிறார்கள். அந்த நாய்க்கும் எரிச்சல் குறையும். கட்டிக் கிடப்பது அதற்குக் கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் நாயைக் காப்பாற்றி ஊரையும் காப்பாற்ற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நாய்களின் எண்ணிக்கையும் 2019க்குப் பிறகு வருஷத்துக்கு வருஷம் இறங்கிக்கொண்டு வந்து 2023இல் நூற்றுக்கணக்கில் நின்றது.

வருஷத்துக்குப் பதினைந்து பேருக்கு வரும் நோய்க்கு இத்தனை கோடியா? அதே சாடில் மலேரியாவில் குழந்தைகள் சாகின்றனவே. அந்தப் பணத்தை அங்கே செலவழித்தால் என்ன?
— ஒரு வாசகர், ஆர்.கே. புரம்

வந்ததிலேயே கடினமான கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. இந்தப் பதினைந்து பேரின் வலி மலேரியாவில் போகும் குழந்தையின் உயிரைவிடப் பெரிது என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் பதினைந்து என்பது நோயின் அளவு இல்லை சார், வேலையின் அளவு. இத்தனை ஆயிரம் பேர் தினமும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருப்பதால்தான் அது பதினைந்தில் நிற்கிறது. ஒரு பெண்புழு ஒரு குளத்தில் லட்சக்கணக்கில் குஞ்சு விடும், போய்விட்டது என்று நினைத்து அசந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை 2010இல் சாடே காட்டிவிட்டது. அப்படி விட்டால் 1986லிருந்து செலவழித்த பணம், உழைப்பு எல்லாம் தண்ணீரில் போகும். முழுதாக ஒழித்துவிட்டால் பிறகு செலவே இல்லை. பெரியம்மையை எடுத்துக்கொள்ளுங்கள், 1980இல் ஒழிந்ததாக அறிவித்தார்கள், அதற்கப்புறம் பிறந்த நம் பிள்ளைகள் கையில் அந்தத் தடுப்பூசித் தழும்பு இல்லை. மனிதர்களின் நோய்களில் இதுவரை அப்படி அடியோடு போனது அது ஒன்றுதான், இரண்டாவதாகக் கினிப்புழு போகக்கூடும். 1995க்குள் முடிப்போம் என்றார்கள், முடியவில்லை, பிறகு 2020 என்றார்கள், இப்போது 2030. காலக்கெடு தள்ளிப்போவதைப் பார்த்து நம்பிக்கை இழக்க எனக்கு மனம் வரவில்லை, 200 நாடுகளும் பகுதிகளும் சான்று வாங்கியாயிற்று. காங்கோ ஜனநாயகக் குடியரசுக்கு 2022 டிசம்பரில் கிடைத்தது. சாட், எத்தியோப்பியா, மாலி, தெற்கு சூடான், சூடான், அங்கோலா, இந்த ஆறுதான் பாக்கி.

எனக்கு ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வடிதுணியும் அபேட்டும் புழுவைத் தடுக்கும், வயிற்றுப்போக்கைத் தடுக்காது. புழு போன பிறகும் அந்தத் தாய் அதே குளத்துத் தண்ணீரைத்தான் குழந்தைக்குக் கொடுப்பாள். ஆழ்குழாய்க் கிணறு போட்டாலும் நாய் குளத்துக்குத்தான் போகும், அதனால் சாடில் கிணறு மட்டும் போட்டுப் புழுவை ஒழிக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் புழுவுக்குக் கிடைக்கும் அக்கறையில் பாதியாவது குடிதண்ணீருக்கும் கிடைக்க வேண்டும். பணம் கொடுக்கும் நாடுகள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தப் புழு மறுபடி டெல்லிக்கு வருமா? எங்கள் காலனியில் டேங்கர் தண்ணீர்தான்.
— ஒரு வாசகி, சங்கம் விஹார்

வராது, பயப்படாதீர்கள். டேங்கர் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், ஆனால் அது டைபாய்டுக்காகவும் மஞ்சள் காமாலைக்காகவும்.

கார்ட்டர் மையத்துக்கு இங்கிருந்து பணம் அனுப்ப முடியுமா? வரிவிலக்கு கிடைக்குமா?
— ஒரு வாசகர், கரோல் பாக்

அனுப்பலாம். வெளிநாட்டுக்கு நன்கொடை அனுப்ப ரிசர்வ் வங்கி விதியில் இடம் இருக்கிறது, உங்கள் வங்கியில் படிவம் கொடுப்பார்கள், பான் எண் வேண்டும். வரிவிலக்கு இந்தியாவில் பதிவு பெற்ற அமைப்புகளுக்குக் கொடுப்பதற்குத்தான், இதற்குக் கிடைக்காது. வங்கிக் கட்டணமும் பிடிப்பார்கள், சின்னத் தொகையாக இருந்தால் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எம்.எஸ்சி. முடித்துவிட்டேன். சாடுக்குப் போய்த் தொண்டு செய்ய ஆசை. யாரைப் பார்க்க வேண்டும்?
— ஒரு வாசகர், முனீர்கா

தம்பி, உங்கள் ஆசையை மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் கிராமத்தில் வேலை செய்ய அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், பாஷை தெரிந்தவர்கள், ஊர் தெரிந்தவர்கள். வெளியிலிருந்து அவர்களுக்குத் தேவைப்படுவது நோய்ப் பரவலை ஆராயத் தெரிந்தவர்கள், கணக்கும் புள்ளிவிவரமும் தெரிந்தவர்கள், மருந்தும் வண்டியும் நேரத்துக்குப் போய்ச்சேரப் பார்த்துக்கொள்பவர்கள், கூடவே பிரெஞ்சோ அரபியோ பேசத் தெரிந்தவர்கள். சாடில் இந்த இரண்டும்தான் ஆட்சிமொழி, இங்கிலீஷை வைத்துக்கொண்டு ஒரு கிராமத்திலும் பேச முடியாது. லோதி எஸ்டேட்டில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது, முனீர்காவிலிருந்து தூரமும் இல்லை, முதலில் அங்கே சேருங்கள். கூடவே பொது சுகாதாரத்தில் ஒரு பட்டம் படியுங்கள். அதற்கிடையில், ராஜஸ்தானில் இந்த வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சிலர் எனக்குப் பழக்கம். அவர்களிடம் பேச வேண்டும் என்றால் இதழ் முகவரிக்கு எழுதுங்கள், சேர்த்து வைக்கிறேன்.